கைப்பிடி அரிசியும் கட்டற்ற மென்பொருளும்

பெரிய நிக்கோபார்த் தீவின் கீழைக் கரையில் கேம்பல் பே என்னும் சிற்றூர் உள்ளது. இந்திய நாட்டின் தென்கோடி எது என்று கேட்டால் கன்னியாகுமரி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். உண்மையில் அக்கோடி, இவ்வூருக்கும் தெற்கே உள்ள இந்திரா முனையாகும். இத்தீவுகள் தமிழருக்குப் புதியனவும் அல்ல. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கொண்ட இடங்களை எண்ணிச் சொல்லும் அவனது மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்னும் பெயர் வருகிறது. அது நிக்கோபாரையே குறிக்கும் என்பது வரலாற்று ஆசிரியர்களின் கொள்கை. ஷோம்பென் மக்களும் நிக்கோபார் மக்களும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் பெரிய நிக்கோபாரில், 1969-ஆம் ஆண்டு தொடங்கி முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறத்தாழ 330 குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலத்தாரோடு தமிழ்நாட்டாரும் அவருள் இருந்தனர். இன்றும் கேம்பல் பேயின் கடைத்தெருவில் நின்றால் தமிழ்ச் சொல் காதில் விழாமற் போகாது.

இவ்வூருக்கு நெடுங்காலம் கடிதமும் செய்தித்தாளும் கப்பலை நம்பியே வந்தன. பின்னர்ச் செயற்கைக்கோள் வழியாக ஒரு சிறிது தொடர்பு கிடைத்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலடியில் இடப்பட்ட ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். தெற்கே அது வந்து முடியும் இடம் இப்பெரிய நிக்கோபார். வடம் வந்ததும் பாட்டும் படமும் தடையின்றி வரும் என்று மகிழ்ந்தோர் பலர். பெற்றுக்கொள்ளும் வழி திறக்கும்போது கொடுக்கும் வழியும் உடன் திறக்கிறது என்று எண்ணியோர் சிலரே. அக்கொடையைப் பற்றியே இக்கட்டுரையில் பேச நினைக்கிறோம்.

கணிப்பொறிக்கு இன்னது செய்க என்று ஆணையிடும் எழுத்துக் கோவையே மென்பொருள். வாணிக நிறுவனங்கள் அவ்வெழுத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு அதன் பயனை மட்டும் விலைக்குத் தருவதே பெருவழக்கு. அவ்வாறின்றி, யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவது கட்டற்ற மென்பொருள். அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் இவ்வியக்கத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது அவருக்கு 21 வயது, தாம் எழுதத் தொடங்கிய சிறியதோர் இயக்கு மென்பொருளைப் பற்றி அறிவித்து, பிறர் கருத்தைக் கேட்டார். பலர் கருத்தோடு நில்லாமல் கையும் கொடுத்தனர். அதுவே லினக்ஸ். இன்று உலகத்துப் பெருங்கணிப்பொறிகளையும் நம்மில் பலர் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியையும் இயக்குவது அதன் கருவே.

இத்தகைய பணிகளை யார் செய்கிறார்கள்? பிரேசில் நாட்டு ஆய்வாளர் மூவர் 275 கட்டற்ற மென்பொருள்களை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். பங்கு கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது நூற்றுக்கு 49 பேர், ஒரே ஒரு முறை உதவிவிட்டுச் சென்றவர்கள். அவர்கள் அனைவரும் சேர்ந்து செய்த பணியோ, மொத்தத்தில் நூற்றுக்கு 2 பங்கும் இல்லை. கணக்குப் பிள்ளையின் கண்ணோடு இதைப் பார்ப்பவர், ‘இவர்களால் ஆகும் பயன் என்ன? இவர்களுக்காகக் கதவைத் திறந்துவைப்பானேன்?’ என்றே கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை தேடினால் மென்பொருள் பிறப்பதற்கு நெடுங்காலம் முற்பட்ட வரலாற்றுக்குள் நாம் செல்ல வேண்டியவர்களாகிறோம்.

நம் ஊர்களில் பொதுப்பணிக்குக் கை சேர்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று குடிமராமத்து. ஏரிக்கரை உடைந்தாலும் வாய்க்கால் தூர்ந்தாலும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நின்றனர். அவ்வழக்கம் தளரக் கண்ட அரசினர், 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதற்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றினர். சட்டம் ஏட்டில் இருந்தது. ஏரிகள் தூர்ந்துகொண்டே போயின. மற்றொன்று பிடியரிசி. உலைக்கு அரிசி எடுக்கும் பெண்மணி அதில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்டுவைப்பாள். சில நாளுக்கொருமுறை ஒருவர் வந்து வீடுதோறும் திரட்டிச் செல்வார். ஏழை மாணவர் விடுதிகளும் அன்னதானங்களும் இவ்வரிசியால் நடந்தன. பிடியரிசி தராத வீட்டுக்குத் தண்டனை ஏதும் இல்லை. ஆயினும் அரிசி சேர்ந்தது. கேட்கப்பட்ட அளவு கைக்கு அடங்கியது; கலயம் அடுக்களையிலேயே இருந்தது; திரட்டுபவர் சொன்ன நாளில் வந்தார். கொடுப்பவளிடம் அதற்குமேல் எந்தத் தியாகமும் எதிர்பார்க்கப்படவில்லை.

கடலுக்கு அப்பால் இதே முறையில் நடந்த ஒரு பெருஞ்செயல் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியாகும். இலண்டன் மொழியியற் கழகத்தார் 1857-ஆம் ஆண்டிலேயே அதற்கான பேச்சைத் தொடங்கினர். ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்த நூலில், எப்பொருளில் வந்தது என்று மேற்கோளோடு காட்ட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். 1879-இல் ஜேம்ஸ் மரே என்னும் பள்ளியாசிரியர் பதிப்பாசிரியரானார். உடனே அவர், ஆங்கிலம் பேசும் மக்களுக்கும் படிக்கும் மக்களுக்கும் ஒரு வேண்டுகோளை அச்சிட்டுப் பரப்பினார். எந்த நூல்களைப் படிக்க வேண்டும், எத்தகைய சொல்லைப் பொறுக்க வேண்டும், சீட்டின் எந்த மூலையில் சொல்லை எழுத வேண்டும், நூற்பெயரும் பக்க எண்ணும் எங்கே வர வேண்டும் என்பனவெல்லாம் வேண்டுவோர்க்கு விளக்கப்பட்டன. அரைத்தாள் அளவு ஒரு சீட்டு. அதில் ஒரு வாக்கியம். அஞ்சலில் சேர்த்தால் போதும். சீட்டுகள் வந்து குவிந்தன. அவர் ஆக்சுபோர்டில் குடியேறிய பிறகு, வீட்டு வாயிலிலேயே அஞ்சல்துறையினர் ஒரு பெட்டியை நட்டுவைக்கும் அளவுக்கு அவருடைய அஞ்சல் பெருகிற்று. மொத்தத்தில் ஐம்பது இலட்சம் சீட்டுகள் அளவில் சேர்ந்தன என்பர். அனுப்பியவருள் டாக்டர் மைனர் என்பவர் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டிருந்தவர். அகராதியின் கடைசிப் பகுதி 1928-இல் வெளிவந்தபோது மரே உயிரோடில்லை.

இக்கதையில் நம் பொருளுக்கு மிகவும் வேண்டுவது ஒரு சிறு பகுதி. மரேயின் காலத்துக்கு முன்பு, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்கள் அனைத்தையும் ஒரே அன்பரிடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. பொறுப்பேற்ற மரே அவற்றைத் திரும்பக் கேட்டபோது, ‘எச்’ எழுத்துச் சீட்டுகள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கிடந்தன, ‘பி.ஏ.’ என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலில், அடுப்பு மூட்டப் பயன்பட்டது போக எஞ்சியிருந்தன. வேறொரு சாக்கில் எலி குடியிருந்தது. பெரும்பொறுப்பை ஏற்றவர்களிடம் போனவை இவ்வாறு தொலைய, ஒரு சீட்டு, இரண்டு சீட்டு என்று பெயரறியாதோர் அனுப்பியவை பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆயின் அவற்றிலும் குறை உண்டு. அன்பர்கள் அரிய சொற்களையே தேடித் தேடி அனுப்பினர். வழக்கொழிந்த சொல் ஒன்றுக்கு 50 மேற்கோள்கள் வந்திருக்க, அதனோடு ஒட்டிய அன்றாடச் சொல்லுக்கு ஐந்துகூட இல்லை என்று மரே வருந்தினார். அந்த அன்றாடச் சொற்களை அவரும் உதவியாளரும் உட்கார்ந்து தேட வேண்டியதாயிற்று. வந்துபோகும் கை தனக்குச் சுவையானதைச் செய்யும். சுவையற்றதைச் செய்ய, நிலைத்து அமர்ந்த ஒருவர் எப்போதும் வேண்டும்.

தமிழுக்கு வருவோம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு முதலியவற்றையும் பதிப்பித்தபோது, ஏட்டுப் பிரதி உதவியவர்களின் பெயரையும் ஊரையும் முகவுரையில் குறித்துவைத்தார். ஒரே ஓர் ஏட்டுக் கட்டைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் பெயரும் அந்நூல் உள்ளளவும் நிற்கும். இதனைப் பழைய பதிப்பாசிரியரின் பண்பு என்று மட்டும் நாம் எண்ணிவந்தோம். பெயரைக் கண்ட அடுத்த ஊரார் தம் பரணையும் தேடிப் பார்த்திருப்பர் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பண்பு கணிப்பொறிக் காலத்தில் மறுபடியும் தழைத்தது, மதுரைத் திட்டம் என்னும் முயற்சியில். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் அது தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, உலகில் யாரும் விலையின்றிப் பெறும்படி வழங்குவது நோக்கம். முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். பதிப்பகம் இல்லை, சம்பளம் இல்லை, அலுவலகமும் இல்லை. தட்டச்சு செய்தோரிற் பலர், தாய்நாட்டைவிட்டு வெகு தொலைவில் வேறு தொழில் செய்து வாழ்ந்தவர்கள். பகலெல்லாம் பிறமொழியில் உழைத்து, இரவில் ஒரு பதிகத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினர். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

அன்று தமிழில் கைகொடுக்க முன்வந்தவருக்கு இருந்த இடையூற்றை இன்றைய இளைஞர் நம்பமாட்டார்கள். ஆளுக்கோர் எழுத்துரு. ஒருவர் அனுப்பிய வெண்பா மற்றவர் திரையில் வேற்றுக்குறிகளின் கூட்டமாகத் தோன்றும். கல்யாணசுந்தரம் அவர்களே ‘மயிலை’ என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாகத் தந்தவர். பின்னர்த் தகுதரம் என்னும் குறியீட்டுக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் நூல்கள் மாற்றப்பட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்த முயன்றது. முகுந்தராஜ் முதலியோர் உருவாக்கி வழங்கிய ‘எ-கலப்பை’, ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழை எழுதும் எளிய வழியைக் காட்டிற்று. இவற்றையெல்லாம் மொழிப்பற்றின் வெற்றி என்று மேடையில் பேசுவது வழக்கம். பற்று 1998-க்கு முன்பும் இருந்தது. அதுவரை இல்லாதிருந்தது, பற்றுடையவர் அரைமணி நேரத்தில் ஒன்றைச் செய்து முடிக்கத்தக்க வசதி. வாயிற்படி முழங்கால் உயரத்திலிருந்து கணுக்கால் உயரத்துக்கு இறங்கியது.

மதுரைத் திட்டத்தில் தொடக்கத்தில் ஒரு நூலை ஒருவரோ இருவரோ ஏற்று முடித்தனர். நாளடைவில், நூலின் பக்கங்களைப் படமாக எடுத்து, பக்கம் பக்கமாகப் பலருக்குப் பிரித்தளித்து மெய்ப்புப் பார்க்கும் முறையும் சேர்ந்தது. ஆங்கில நூல்களுக்கு இம்முறையைச் சார்லஸ் பிராங்க்ஸ் என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கியிருந்தார். 2002 நவம்பரில் அதைப் பற்றி ஒரு செய்தி பரவியபோது ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்டோர் வந்து பதிந்துகொண்டனர். ஒரு பக்கம் என்றால் யாரும் செய்வர் அன்றோ? மதுரைத் திட்டத்தின் நூலொன்றைத் திறந்தால், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், மூலப்படி உதவியவர் என்று பெயர்கள் முகப்பிலேயே நிற்கும். சாமிநாதையர் முகவுரையின் வழிவந்த மரபு என்று அதனை நாம் கொள்கிறோம்.

இனி, கேம்பல் பேயைத் தாக்கிய அலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்கு இந்திய மண்ணிலேயே மிக அண்மையில் இருந்தது பெரிய நிக்கோபார்தான். இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கின் அடி கடல்நீரில் நின்றது. கரையோரச் சாலை பல இடங்களில் அறுந்தது. அதே அலை இலங்கையின் கிழக்குக் கரையிலும் தென்கரையிலும் 30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. யார் பிழைத்தார், யாரைக் காணவில்லை, எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே மருந்து வேண்டும், எந்த அமைப்பு எங்கே நிற்கிறது என்னும் செய்திகளை ஒருங்கு சேர்க்க அங்கே கருவி ஏதும் இருக்கவில்லை. கொழும்பு நகரத்து மென்பொருள் வல்லுநர்கள் தத்தம் அலுவலை விட்டுத் திரண்டனர். லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சூழ்ந்து அவர்கள் சில வாரங்களில் எழுதிய கட்டற்ற மென்பொருளுக்குச் ‘சகனா’ என்று பெயர். சிங்களத்தில் அதற்குத் துயர்தணிப்பு என்பது பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, தேவைப் பதிவு, அமைப்புகளின் பதிவு என்று அது பகுதி பகுதியாக அமைந்திருந்தது. ஆதலின் ஒருவர் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால், மற்றப் பகுதியைப் படித்துக்கொண்டிராமலே வேலையைத் தொடங்க முடிந்தது.

சகனா 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான விருதும் 2006-ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. ஆயினும் அலை வடிந்த பிறகு நேர்ந்ததையும் மறைக்கலாகாது. திரண்டு வந்தவர்கள் தத்தம் அலுவலுக்குத் திரும்பினர். அவசரத்தில் எழுதியதைத் திருத்தி மீண்டும் எழுத வேண்டியிருந்தது. சுவீடன் நாட்டு அரசின் உதவிநிதியைக் கொண்டு சம்பளம் பெறும் சிறு குழு ஒன்று அமர்ந்தே அதனைச் செய்தது. துயரம் ஆயிரம் கைகளை அழைத்துவரும், நெடுநாள் நிறுத்திவைக்காது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, கட்டற்ற நிலப்படம் ஒன்றில் நீர் நின்ற தெருவைத் தொட்டுக் குறித்தால் போதும் என்று ஏற்பாடு செய்தனர். ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. குறித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தை மறுபடி திறந்திருக்கமாட்டார்கள். அதனால் அவர்கள் செய்த நன்மை குறைந்துவிடவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்துறையில் நெருங்கிய ஒரு பகுதி உண்டு. மென்பொருளின் திரையில் தோன்றும் சொற்களையும் தொடர்களையும் தமிழாக்கும் பணி அது. ‘கோப்பு’, ‘சேமி’, ‘அச்சிடு’ என்று இன்று நாம் காணும் சொற்களெல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள் இட்டவை. வேலை தானாகவே பிடியரிசி அளவில் பிரிந்து கிடக்கிறது. ஒரு தொடர், ஒரு மொழிபெயர்ப்பு. ஆனால் முற்காலத்தில் அதைச் செய்யப் புகுந்தவர், கோப்பு முழுவதையும் இறக்கி, அதற்கென ஒரு கருவியைக் கற்று, ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது. இணையத்திலேயே தொடரைக் கண்டு அங்கேயே மொழிபெயர்க்கும் ஏற்பாடுகள் பின்னர் வந்தன. செக் நாட்டு மிகல் சிகார் 2012-இல் தொடங்கிய ‘வெப்லேட்’ அவற்றுள் ஒன்று.

வாயில் அகன்றதும் பிழைகளும் உள்ளே வந்தன. வந்தவர்மேல் பழி போடுதல் எளிது. பெரும்பாலும் குற்றம் அழைத்தவருடையது. ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். ‘இந்த இடத்தில் ஒரு பெயர் வரும், அதனை நீக்கவா?’ என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் இருக்கும். ஆங்கிலத்தில் எந்தப் பெயரை இட்டாலும் தொடர் பிழைபடாது. தமிழில் பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர வேண்டும். ‘மரம்’ வந்தால் ‘மரத்தை’, ‘வீடு’ வந்தால் ‘வீட்டை’, ‘பூ’ வந்தால் ‘பூவை’ என்று ஆகும். கணிப்பொறிக்கோ இம்மாற்றம் தெரியாது. புதிதாக வந்த அன்பர், வெற்றிடத்தை அடுத்து ‘ஐ’ என்று எழுதிவிட்டுப் போவார். திரையில் ‘மரம் ஐ நீக்கவா?’ என்று வரும், படிப்பவர் நகைப்பார். அனுபவமுள்ளவர், ‘மரம் என்பதை நீக்கவா?’ என்று வருமாறு ‘என்பதை’ சேர்ப்பார். இந்த ஒரு வரியை வாயிலில் எழுதி ஒட்டியிருந்தால் நூறு பேர் அதே பிழையைச் செய்யாதிருப்பர். மரேயின் வேண்டுகோள் சீட்டின் மூலையையும் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான்.

வடம் வந்த மறு ஆண்டு, அலுவல் நிமித்தம் கேம்பல் பேயில் இருந்தபோது, நாட்காட்டி மென்பொருள் ஒன்றைத் தமிழில் வைத்துப் பார்த்தோம். சனவரி, பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் எல்லாம் முறையே வந்தன. அடுத்த திங்களின் பெயர் ‘கூடும்’ என்றிருந்தது. ஆங்கிலத்தில் ‘மே’ என்பது திங்களையும் குறிக்கும், ‘கூடும்’ என்னும் துணைவினையாகவும் வரும். மொழிபெயர்த்தவர் கண்முன் இருந்தது அந்த ஓரசைச் சொல் மட்டுமே. நாட்காட்டி என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. திருத்தம் எழுதி அனுப்பினோம். ஒரு வாரம், ஒரு மாதம், பருவமழைக் காலம் முழுவதும் மறுமொழி இல்லை. கப்பலில் அனுப்பிய கடிதம்கூட இதைவிட விரைந்து போய் வந்திருக்கும் என்று உடனிருந்த நண்பர் சிரித்தார். அத்திட்டத்தின் பெயரை இங்கே சொல்வது தேவையில்லை. உண்மையைச் சொன்னால் நமக்குச் சினம் வந்தது. பிழை இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். முதல் முறை வந்த கையை மறுமொழியின்றி நிறுத்திவைத்தால் அது இரண்டாம் முறை நீளாது என்பதை நூலில் படிக்காமலே கற்றுக்கொண்டோம்.

பரிசு கொடுத்து அழைத்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் நடந்து பார்த்தது. டிஜிட்டல் ஓஷன் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் கட்டற்ற மென்பொருள்களுக்கு உதவுவோருக்குச் சட்டை பரிசளித்து வந்தது. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் 2020 அக்டோபரில், விளக்கக் கோப்பில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டுச் சட்டை கேட்டோர் எண்ணிக்கையின்றிப் பெருகினர். அக்குப்பையைக் களைவதற்கே பேணுநர்களின் பொழுது போயிற்று. மூன்றாம் நாளே, விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டும் இது செல்லும் என்று விதியை மாற்றினர். ஏரிக்குச் சட்டம் போட்டது ஒரு பிழை என்றால், அரிசிக்குச் சட்டை கொடுத்தது மற்றொன்று.

அப்படியானால் சிலரே உழைத்துச் செல்லட்டும் என்று விட்டுவிடலாமா? தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2003-இல் தொடங்கிய அதில், யாழ்ப்பாணத்தவரும் அந்நாளில் அரபு நாட்டில் பணிபுரிந்தவருமான இ. மயூரநாதன் ஒருவரே 4,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கினார். 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. அத்தகையோர் கிடைப்பது பேறு. கிடைத்த ஒருவரிடமே எல்லாவற்றையும் சுமத்துவது இடர்.

எவ்வளவு பெரிய இடர் என்பதை 2024-ஆம் ஆண்டு காட்டியது. லினக்ஸ் கணிப்பொறிகளில் எங்கும் பயிலும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சுருக்குக் கருவியை நெடுங்காலம் பேணிவந்தவர் பின்லாந்து நாட்டவர் ஒருவரே. தம்மால் முன்போல் உழைக்க இயலவில்லை என்று 2022-இலேயே அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். உதவ வேறு கைகள் இல்லை. அந்நிலையில் பெயர் மறைத்த ஒருவர் பொறுமையாக இரண்டு ஆண்டுக்கு மேல் உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, பின்னர் அக்கருவிக்குள் கள்ளவழி ஒன்றை ஒளித்துவைத்தார். உலகத்துக் கணிப்பொறிகளில் எத்தனையோ அவருக்குத் திறந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் அண்டிரெஸ் பிராயண்டு. அவர் அத்திட்டத்தைச் சேர்ந்தவரே அல்லர். வேறொரு மென்பொருளில் உழைப்பவர். தம் கணிப்பொறியில் புகுமுகம் அரை வினாடி தாமதமாவதைக் கண்டு, அதை விட்டுவிட மனமின்றித் தேடிப் பார்த்தார். 2024 மார்ச்சு 29 அன்று தாம் கண்டதை உலகுக்கு அறிவித்தார். பூட்டிவைத்த நிரலாக இருந்திருந்தால் அவரால் உள்ளே பார்த்திருக்கவும் முடியாது. பிரேசில் ஆய்வாளரின் கணக்கில், நூற்றுக்கு இரண்டு பங்கும் தேறாத கூட்டத்தில் வைத்து எண்ணப்படும் வகையினர் அவர்.

நம் நாட்காட்டியின் கதை முடியவில்லை. ஏறத்தாழப் பதினொரு மாதம் கழித்து ஒரு மறுமொழி வந்தது. பழைய ஒருங்கிணைப்பாளர் விலகிவிட்டார் என்றும், கிடப்பில் இருந்த திருத்தங்களைத் தாம் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதாகவும், தாமதத்துக்கு வருந்துவதாகவும் புதியவர் ஒருவர் எழுதியிருந்தார். கூடவே, சொற்களின் பக்கத்தில் ‘இது திங்களின் பெயர்’, ‘இது பொத்தானில் வருவது’ என்று குறிப்புகள் சேர்த்திருப்பதாகவும், பொழுதிருந்தால் அவற்றைப் பார்த்துச் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தார். அன்று மாலை மழையால் வெளியே செல்ல இயலவில்லை. குறிப்புகள் நாற்பது இருந்தன. பதினாறு பார்த்து முடித்தோம். அடுத்த பதிப்பில் ஏப்ரலுக்குப் பின் ‘மே’ வந்தது.